ஐந்து படிக்கு எத்தனை கால்?

வீட்டின் பின்புறம் தரையிலிருந்து 46 அங்குல உயரத்தில் ஒரு மரத்தளம் இருக்கிறது. அதிலிருந்து புல்தரைக்கு இறங்கப் படி வேண்டும். அந்தப் படியை எத்தனை சட்டங்கள் தாங்க வேண்டும்? மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிசை ஒட்டிய ஓர் ஊரில், என் மகள் வீட்டில், ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கேள்வி ஆராயப்பட்டது. நானும் ஒரு தரப்பு. கல்லூரியில் 32 ஆண்டு இலக்கணம் நடத்தியதைத் தவிர இத்துறையில் எனக்கு வேறு தகுதி கிடையாது. மற்றத் தரப்பினருக்கு அதுவும் கிடையாது.

முதலில் சொற்பொருள். அந்த மரத்தளத்தை அங்கே ‘டெக்’ என்கிறார்கள். இதைத் திண்ணை என்று பெயர்ப்பாரும் உளர். அது பொருந்தாது. திண்ணை தெருவைப் பார்த்திருக்கும். வழியோடு போகிறவன் கேட்காமல் உட்காரலாம். டெக் கொல்லையைப் பார்த்திருக்கும். அதில் வந்து உட்காரச் சொந்தத் தம்பியே மூன்று வாரம் முன்னால் தேதி கேட்கிறான். இனி ‘ஸ்ட்ரிங்கர்’. படிப்பலகைகளைச் சுமந்துகொண்டு சரிவாக நிற்கும் சட்டம் அது. நம் ஏணியின் கால் என்று கொள்க. ஏணிக் காலில் துளை போட்டுக் குச்சியைச் செருகுவோம். இவர்கள் காலையே ரம்பப்பல் போல வெட்டி, பல்லின் மேல் பலகையை வைத்து முடுக்குகிறார்கள்.

இப்பொருளில் ஆசிரியர் கொள்கை நான்கு. இரண்டு ஸ்ட்ரிங்கர் போதும் என்பது என் மாப்பிள்ளை. மூன்று என்பது பக்கத்து வீட்டுப் பெரியவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், தன் வீட்டு டெக்கைத் தானே மூன்று முறை கட்டியவர். (மூன்று முறை கட்ட ஏன் நேர்ந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.) நான்கு என்பது அமெரிக்கன் வுட் கவுன்சிலின் வழிகாட்டி. ஐந்து என்பது பலகை செய்யும் கம்பெனியின் கையேடு. நடுவில் ஒற்றை இரும்புச் சட்டம் ஒன்றே போதும் என்னும் அத்வைதிகளும் உண்டு. அவர்கள் வீடுகளைப் பத்திரிகைகளில்தான் பார்க்க முடிகிறது. என் மனைவி எண் எதுவும் சொல்லவில்லை. டெக்கின் மேல் எந்நேரமும் மேப்பிள் மர நிழல், வெயில் புல்தரையில்தான். வடகத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்க வேண்டியவள் அவள். “ஆடக் கூடாது” என்றாள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை தம் கட்சியை இப்படி நிறுவினார். “மாமா, ஏணிக்கு ரெண்டு கால்தானே? அதுல ஏறித்தானே கோபுரத்துக்கே வெள்ளையடிக்கிறாங்க?” அஃது ஒக்கும். ஆனால் ஏணியின் அகலம் ஒன்றேகால் அடி. மாப்பிள்ளை கேட்டதோ நான்கடி அகலம். இரண்டு பேர் பக்கம்பக்கமாகப் பேசிக்கொண்டே இறங்க வேண்டுமாம். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எங்கேயும் இறங்கி நான் பார்த்ததில்லை.

நூலைப் பார்ப்போம் என்றேன். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் சிற்சில திருத்தங்களோடு ஏற்றுக்கொண்ட குடியிருப்புக் கட்டட விதித்தொகுதி ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஐ.ஆர்.சி. சூத்திரமும் புறனடையுமாக ஓடுவது. நச்சினார்க்கினியர் கையில் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார். படியின் உயரம் 7¾ அங்குலத்தை மிஞ்சக் கூடாது. மிதிக்கும் அகலம் 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒரே படிக்கட்டில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் வித்தியாசம் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குக்குள் இருக்க வேண்டும். நான்கு ஏற்றம் வந்துவிட்டால் கைப்பிடி கட்டாயம். டெக்கின் ஓரத் தடுப்பில் நான்கு அங்குலக் கோளம் நுழையும்படி இடைவெளி விடக் கூடாது. கோளம் என்றது குழந்தையின் தலையை, ஆகுபெயர். அதே தடுப்பு படியோரமாக இறங்கும்போது கோளம் 4⅜ அங்குலமாகிறது. படியும் தடுப்பும் கூடும் முக்கோண மூலையில் 6 அங்குலம். ஒரே குழந்தை, ஐந்து படி இறங்குவதற்குள் தலை ஒன்றரை மடங்கு.

உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள உறவு பழைய சங்கதி. பாரிஸில் 1671இல் தொடங்கிய அரச கட்டடக்கலைக் கழகத்தின் தலைமை ஆசிரியர் பிரான்சுவா பிளாண்டல், இரண்டு படியின் உயரத்தோடு ஒரு படியின் அகலத்தைக் கூட்டினால் இரண்டு அடி வர வேண்டும் என்று விதித்தார். அவர் அடி பிரெஞ்சு ராஜாவின் அடி. இரண்டு அடிக்கு இன்றைய கணக்கில் 65 சென்டிமீட்டர். ஐ.ஆர்.சி. சொல்லும் 7¾ஐ இரண்டு முறை எடுத்து, 10ஐக் கூட்டிப் பாருங்கள். இருபத்தைந்தரை அங்குலம், 64.8 சென்டிமீட்டர். பிரெஞ்சுக்காரர் முழங்காலும் அமெரிக்கர் முழங்காலும் முந்நூற்றைம்பது ஆண்டில் இரண்டு மில்லிமீட்டர்தான் விலகியிருக்கின்றன.

எங்கள் 46 அங்குலத்தை ஆறாகப் பிரித்தால் ஏற்றம் ஒன்றுக்கு 7⅔ அங்குலம். ஏற்றம் ஆறு, பலகை ஐந்து. ஆறாவது பலகை டெக்கேதான். இதை மாப்பிள்ளைக்கு விளக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. மென்பொருள் துறையில் பதினெட்டு ஆண்டு இருப்பவர். ஒன்று கூடுவதும் குறைவதும் தம் பிழைப்பிலேயே தினம் நடப்பதுதான் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

சட்டம் வாங்கப் பெரிய மரக்கடைக்குப் போனோம். ‘இரண்டுக்குப் பன்னிரண்டு’ என்று எழுதி அடுக்கியிருந்தார்கள். டேப் வைத்து அளந்தேன்: ஒன்றரைக்குப் பதினொன்றேகால். கடைப்பையன் கலங்கவில்லை. பச்சை மரத்தை அறுக்கும்போது இட்ட பெயர் அது, மரம் காய்ந்து, இழைத்து, சுருங்கிவிட்டது, பெயர் காயவில்லை. படிப்பலகைக்கும் இதே கதைதான். ‘ஒன்றேகால்’ என்று கேட்டால் ஒரு அங்குலம் தருவார்கள். உலகு தழுவிய அளவுக் குறையை இவர்கள் மரபு வழக்காக்கிவிட்டார்கள்.

இந்தப் பதினொன்றேகாலில் பல் வெட்டினால் என்ன மிஞ்சும்? மூலைமட்டத்தை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தோம். உள்மூலையிலிருந்து அடி விளிம்பு வரை ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல். ஐந்துக்குக் குறையக் கூடாது என்கிறது வழிகாட்டி. மீதி ஆறு அங்குலமும் சும்மா பல். மேலே வைக்கும் பலகைக்கு மணைபோல உதவுமே தவிர, வளைவைத் தடுக்க வராது. வீட்டுக்காவலில் இருந்த கலிலியோ 1638இல் லெய்டனில் வெளியிட்ட நூலில், சட்டத்தின் வலு அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று காட்டினார். படுக்கப் போட்ட பலகையைவிட ஒருக்களித்து நிறுத்திய பலகை அதிகம் சுமக்கும் என்பது அதிலிருந்து வருகிறது. மொத்தச் சுமையைச் சொன்னபோது அவர் கணக்கு மூன்று மடங்கு கூடிவிட்டது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் வரை சரி, தனியாக எடுத்தால் தப்பு. மாமனார்கள் சொல்லும் யோசனையும் இந்த வகையில் சேரும்.

அந்தக் கணக்குப்படி, பல் வெட்டிய சட்டத்தின் வலு முழுச் சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. விறைப்பு உயரத்தின் கனத்தைப் பொறுத்தது. அது பதினொன்றில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் பெரியவர் “அதனால்தான் மூன்று” என்றார். அவசரப்பட்டுவிட்டார். படிக்கு விதி குறிக்கும் சுமை சதுர அடிக்கு 40 பவுண்டு. எங்கள் படிக்கட்டு நான்கடிக்கு நான்கடி இரண்டங்குலம். மொத்தம் 667 பவுண்டு, அதாவது 300 கிலோ. இதை இரண்டே சட்டத்துக்குப் பங்கிட்டேன். வெட்டுப்போக மிஞ்சிய ஐந்து அங்குலத்திலும், மரம் தாங்கக்கூடிய இறுக்கத்தில் பாதியைத்தான் நெருங்குகிறது. இரண்டு ஸ்ட்ரிங்கர் போதும்! மாப்பிள்ளை அன்று இரவு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

மறுநாள் காலைதான் எனக்கு உறைத்தது, நாங்கள் எல்லோரும் தவறான ஆளை விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது. கேள்வி ஸ்ட்ரிங்கரைப் பற்றியது அன்று. பலகையைப் பற்றியது. இரண்டு ஸ்ட்ரிங்கர் என்றால் நடுவில் பலகைக்கு 48 அங்குலம் ஆதரவே இல்லை. விதிநூலும் இதை அறியும்; சதுர அடிக்கு 40 என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு பலகையும் நான்கு சதுர அங்குலப் பரப்பில், அதாவது ஒரு குதிகால் அளவில், 300 பவுண்டு தாங்க வேண்டும் என்று தனியே சொல்கிறது. மனிதன் படியில் பரவி இறங்குவதில்லை; ஒரு காலில் இறங்குகிறான்.

சோதனை ஒன்று செய்தேன். கராஜில் இரண்டு பெயிண்ட் டப்பாவை 48 அங்குல இடைவெளியில் வைத்து, மேலே ஒரு அங்குலக் கனப் பலகையைப் போட்டு, நடுவில் ஏறி நின்றேன். என் எடை 68 கிலோ. பலகை அரை அங்குலத்துக்குச் சற்று மேலே வளைந்தது. மாப்பிள்ளை தரையில் படுத்து டேப்பைப் பிடித்து அளவு சொன்னார். பிறகு டப்பாக்களை 16 அங்குலத்துக்கு நகர்த்தினோம். மறுபடி ஏறினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஏறிட்டீங்களா மாமா?” என்றார். வளைவு இடைவெளியின் கனத்தைப் பொறுத்தது: இடைவெளி மூன்றில் ஒன்றானால் வளைவு இருபத்தேழில் ஒன்று. சமையலறை ஜன்னல் வழியாக என் மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சோதனையில் அவள் முகம் போன போக்கையும் இரண்டாவதில் அவள் தாளிக்கத் திரும்பிவிட்டதையும் கவனித்தேன். டேப்பைவிட நுண்ணிய கருவி அது.

ஆகவே முடிபு: ஸ்ட்ரிங்கரைக் கூட்டுவது ஸ்ட்ரிங்கருக்காக அன்று, பலகைக்காக. உடையுமா என்பது ஒரு கணக்கு. ஆடுமா என்பது வேறு கணக்கு. இரண்டாவதுதான் எப்போதும் அதிகம் கேட்கும். வெட்டுச் சட்டங்களுக்கு இடையே 18 அங்குலத்துக்கு மேல் போகாதே என்று வழிகாட்டி சொல்வதும் இதனால்தான். 48ஐ 18க்குள் அடங்கப் பிரித்தால் மூன்று இடைவெளி. மூன்று இடைவெளிக்கு நான்கு கால். (இங்கும் அந்த ஒன்று. மாப்பிள்ளை இம்முறை உடனே பிடித்துக்கொண்டார்.) இதோடு முடிந்திருக்கும். ஆனால் வர்ணம் அடிக்கச் சோம்பல்பட்டு அவர் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைக்கு மாறினார். அது மரத்தைவிட எளிதில் வளையும். அதன் கையேடு படிக்கு 12 அங்குலம் கேட்டது. நான்கு இடைவெளி, ஐந்து கால். இரண்டு போதும் என்று தொடங்கியவரே கடைசியில் ஐந்து வாங்கினார்.

முதல் சட்டத்தை வெட்டியவர் மாப்பிள்ளை. பிசிறில்லாத வேலை. ஆறு ஏற்றமும் 7⅔ அங்குலம், அணுவளவும் பிசகில்லை. சட்டத்தை நிறுத்தி, ஒத்திகைக்குப் பலகைகளை அடுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிவந்தார். கடைசிப் படியில் கால் காற்றில் துழாவியது. கீழ்ப்படியின் மேல் ஒரு அங்குலப் பலகை ஏறியதும் அது 8⅔ அங்குலமாகிவிட்டது. மேல்படி 6⅔ ஆகச் சுருங்கிவிட்டது. நடுப்படிகள் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்ளும், இரண்டு முனையும்தான் மாட்டிக்கொள்ளும். பலகையின் கனத்தைச் சட்டத்தின் அடியிலிருந்து முதலிலேயே அறுத்து எடுத்திருக்க வேண்டும். பெரியவருக்கு இது தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழுவதும் வெட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

இரண்டு அங்குலம் கிடக்கட்டும், அதில் கால்வாசியே ஆளைத் தள்ளப் போதும். நியூயார்க் புரூக்ளினில் 36ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிடச் சற்று உயரமாக இருந்தது. 2012இல் ஒருவர் கேமராவை வைத்துக் காத்திருந்து, அதே படியில் ஆள் மாற்றி ஆள் தடுக்குவதை எடுத்து வெளியிட்டார். அதன் பிறகுதான் அந்தப் படியைச் சரிசெய்தார்கள். இரண்டு படி ஏறியதும் கால் உயரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறது. மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை.

இனி மேல்முனை. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தாழும். ஐந்து ஸ்ட்ரிங்கரும் டெக்கின் ஓர உத்தரத்தில் சாய்ந்து நிற்க வேண்டும். உத்தரத்தின் உயரம் 9¼ அங்குலம். அதன் மேல் ஒரு அங்குலத் தளப்பலகை. ஸ்ட்ரிங்கரின் தலை டெக்கின் மேற்பரப்பிலிருந்து 8⅔ அங்குலம் கீழே வருகிறது. கழித்துப் பாருங்கள். உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டா, மூன்றா, நான்கா, ஐந்தா என்று ஒன்றரை மாதம் வாதாடினோம். எத்தனை வைத்தாலும் அத்தனையும் அந்த ஒன்றரை அங்குலத்தில் நாலு ஆணியில் தொங்கப்போகின்றன என்பது யாருக்கும் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் படி நடுவில் முறிவது அரிது. மேலே கழன்றுகொள்கிறது.

சிகாகோவின் லிங்கன் பார்க் பகுதியில் 2003 ஜூன் 29 நள்ளிரவு கடந்து, ஒரு வீட்டின் பின்புற மரத்தாழ்வாரம், மாடிக்கு மாடி ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போது இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிப் படித்துவிட்டு மாப்பிள்ளை எதுவும் பேசாமல் கடைக்குப் போனார். உத்தரத்துக்குக் கீழே இன்னொரு பலகை இறக்கி, அதைத் தூண்களோடு போல்ட் போட்டு முடுக்கி, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கருக்கும் சாய்வான இரும்புத் தொட்டில் வைத்தோம்.

ஆணி விஷயத்தில் ஒரு கிளைக்கதை. பூஞ்சையும் கறையானும் அண்டாமல் மரத்துக்குத் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றும் முறையை 1933இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சொன்டி காமேசம். அமெரிக்கக் கொல்லைகளின் டெக்குகள் பல பத்தாண்டுகள் அந்த மருந்தில்தான் மக்காமல் நின்றன. ஆர்சனிக் என்பதால் 2003 கடைசியோடு வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த மருந்துகளில் தாமிரம் அதிகம். அது சாதா இரும்பாணியை அரித்துவிடும். துத்தநாகம் தோய்த்த ஆணிதான் போட வேண்டும். மருந்து மரத்தின் உள்வரை போயிருக்காது என்பதால், வெட்டிய பல் ஒவ்வொன்றின் வாயிலும் பச்சை மருந்தைத் தூரிகையால் தடவ வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. ஐந்து சட்டத்துக்கும் தடவி முடித்தபோது, பட்டுவேட்டிக்கரை போல என் இரண்டு கையிலும் பச்சை.

கீழ்முனைக்கு வருவோம். நம் ஊரில் படியின் காலடியில் ஒரு கல்லைப் போட்டால் தீர்ந்தது. மினியாபொலிஸ் பக்கத்தில் அஸ்திவாரம் 42 அங்குலம் இறங்க வேண்டும். குளிர் அதுவரை போகும். படியின் அடியில் மேலோட்டமாக ஒரு கான்கிரீட் பலகை போதும் என்கிற ஊர்களும் உண்டு. எங்கள் ஊர் அதிகாரி ஆழக் கட்சி. ஏறப்போவது 46 அங்குலம். அதற்குத் தோண்டியது 42 அங்குலம். தோண்டுமுன் 811க்குப் போன் செய்ய வேண்டும். செய்தோம். ஆட்கள் வந்து, கேஸுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைபேசிக்கு ஆரஞ்சு என்று புல்தரை முழுக்கக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் கொல்லை இடைத்தேர்தல் நடக்கும் வார்டு போல இருந்தது.

தண்ணீர் உறைந்தால் விரியும், அதனால் மண் எழும்புகிறது என்பது பொதுவான நம்பிக்கை. பெரியவர் கட்சியும் அதுவே. அற்றன்று. ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியல் அறிஞர் 1929, 1930இல் எழுதிய கட்டுரைகளில், தண்ணீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்துக் காட்டினார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். மண் அப்போதும் எழும்பியது. உறையும் இடத்தை நோக்கிக் கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே வந்து, அடுக்கடுக்காகப் பனிக்கட்டியாகப் படிவதுதான் தூக்குகிறது. இதை வேலியோரம் நின்று பெரியவருக்கு முக்கால் மணிநேரம் விளக்கினேன். முழுவதும் கேட்டார். “எப்படித் தூக்கினால் என்ன, என் முதல் இரண்டு படியும் அப்படித்தான் போயிற்று” என்றார்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் அதிகாரி வந்தார். ஒவ்வொரு படியையும் அளந்தார். தடுப்பின் இடைவெளியில் டேப்பை நுழைத்துப் பார்த்தார். கீழே குனிந்து இரும்புத் தொட்டில்களை எண்ணினார். எத்தனை ஸ்ட்ரிங்கர் என்று கேட்பார், சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒன்பது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் என் மனைவி வந்தாள். கையில் வெறும் தாம்பாளம். வடகம் காயும் வெயில் ஆகஸ்டோடு போயிருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று, குதிகாலை ஊன்றி அழுத்தி, அடுத்ததுக்கு இறங்கினாள். மாப்பிள்ளை மூச்சுவிடவில்லை. புல்லில் கால் வைத்ததும் திரும்பிப் பார்த்தாள்.

“படி ஆடல. கைப்பிடிதான் ஆடுது.”

அது தனி நூலுக்குரிய பொருள். விசா ஆறு மாதம்தான் என்பதால் அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபரில் மதுரை திரும்பிவிட்டோம். டிசம்பரில் மகள் ஒரு படம் அனுப்பினாள். கொல்லை முழுக்கப் பனி. ஐந்து படியும் ஐந்து வெள்ளை மெத்தை. குளிர் தொடங்கியதிலிருந்து அந்தக் கதவைத் திறக்கவே இல்லையாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புல்தரையிலிருந்து டெக் வரை ஒரு முயல் ஏறிப் போயிருந்தது. ஒவ்வொரு பலகையின் நட்டநடுவில்.